பத்து மணித் தேத்தண்ணியோடு ஒரு மாத்திரை

தேயிலைத் தோட்டத்து லயத்தில், அக்காவின் ஒற்றை அறைக் காம்பராவில், சாமிப் படங்களுக்குக் கீழே ஒரு பலகைத் தட்டு இருந்தது. ஒரு கட்டத்தில் அதில் ஒன்பது போத்தல்கள் நின்றன. ஏழு நான் வாங்கிக் கொடுத்தவை. மூட்டுக்கு, எலும்புக்கு, களைப்புக்கு, இரத்தம் ஊறுவதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. மீன் எண்ணெய்க்கு மட்டும் காரணம் நினைவில்லை. யாரோ நல்லது என்றார்கள். மற்ற இரண்டும் லயத்துக்கே வந்து விற்ற ஒரு பெண்ணிடம் அக்கா வாங்கியவை. அவற்றுக்குள் என்ன இருந்தது என்று லேபிளைப் படித்தும் எனக்குத் தெரியவில்லை.

நான் இருபத்திரண்டு வருடம் கொழும்பில் ஒரு பத்திரிகையில் வேலை செய்தவன். பெரும்பாலும் உதவி ஆசிரியர் மேசை. மற்றவர்கள் எழுதியதை வெட்டுவதும், திருத்துவதும், தலைப்புப் போடுவதும்தான் வேலை. வாராந்த ஆரோக்கியப் பக்கமும் என் பொறுப்பில் இருந்தது. அந்தப் பக்கத்தில் வந்த சில கட்டுரைகள் கட்டுரைகளே அல்ல. மாத்திரை விற்பவர்கள் இடம் வாங்கிப் போட்டவை. மேலே சின்ன எழுத்தில் 'விளம்பரம்' என்று போடுவோம். 'ஓயாத களைப்புக்கு ஒரு விடை' என்ற தலைப்பு என்னுடையது. 'முழங்கால் வலியா, இனிக் கவலை இல்லை' என்பதும் நான் போட்டதுதான். எனவே அந்தப் போத்தல்களால் எவ்வளவு முடியும் என்பது அக்காவைவிட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாங்கினேன்.

பத்திரிகையில் ஆட்களைக் குறைத்தபோது நான் ஹட்டனுக்குத் திரும்பினேன். கடையொன்றின் மேல்மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, பிராந்தியச் செய்திகள் அனுப்பிப் பிழைத்தேன். அக்கா றொசல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் இறந்து பல வருடமாகியிருந்தது. ஒரே மகள் கல்வியியற் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தாள். மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அக்காவைப் பார்க்கப் போவேன். ஆரம்பத்தில் அவள் தோள்பட்டையைப் பற்றி மட்டும் பேசினாள். பிறகு இடுப்பு. பிறகு வலி என்று சொல்வதை விட்டுவிட்டாள்.

"வலின்னா பரவாயில்லடா தம்பி. வலிச்சுக்கிட்டே வேலை செய்யலாம். இது வேற. காலைல எந்திரிக்கிறப்பவே ஒடம்பு நனைஞ்ச சாக்கு மாதிரி கெடக்குது."

"ரெண்டு நாள் லீவு போட்டுப் படுத்துக்க."

"நான் படுத்தா அவளைக் கேப்பாங்க."

அவள் சொன்னது மகளை. ஒரு காம்பரா ஒரு குடும்பத்தின் கையில் இருக்க வேண்டுமென்றால் அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவராவது காலையில் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். அங்கேதான் அன்றைய வேலைக்கு ஆள் பிரிப்பார்கள், பேர் கூப்பிடுவார்கள். இது எங்கும் எழுதி ஒட்டப்பட்ட சட்டம் அல்ல. ஆனால் அந்தத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். எங்கள் அம்மா வேலைக்குப் போவது நின்றபோது அக்காவின் பேர் தோட்டத்துப் புத்தகத்தில் விழுந்தது அப்படித்தான். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அவள் போனதால் நான் தொடர்ந்து போனேன்.

"அவ வாத்தியாரம்மாவாயி வெளிய போயிட்டான்னா போதும். அவ பேரு மட்டும் இந்தத் தோட்டத்துப் புத்தகத்துல ஏறக்கூடாது. அது வரைக்கும் நான் மலையில நின்னுக்கிறேன். அதுக்கு ஏதாவது மருந்து இருந்தாப் பாரு. நீ பேப்பர்ல வேலை செஞ்சவன் தானே."

நல்ல போத்தல் என்று நான் நம்பியது பச்சை மூடி போட்ட ஒன்று. தொண்ணூறு மாத்திரை. இரும்புச்சத்தும் வேறு பல சத்துகளும் சேர்ந்தது. வெளிநாட்டுத் தயாரிப்பு, லேபிள் முழுக்க ஆங்கிலம். அக்காவுக்கு ஆங்கிலம் வராது. கட்டுப்போடும் பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி, நீலப் பேனையால் தமிழில் எழுதி, போத்தலில் ஒட்டினேன். லேபிளில் மூன்று வாக்கியங்கள் இருந்தன. ஒரு நாளைக்கு ஒன்று என்பது முதலாவது. சாப்பாட்டுக்குப் பிறகு என்பது இரண்டாவது. மூன்றாவதற்குப் பிளாஸ்டரில் இடம் போதவில்லை. இடம் போதாவிட்டால் கடைசி வாக்கியத்தை வெட்டுவது என் கையின் பழக்கம். முக்கியமானது எப்போதும் மேலே இருக்கும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். வெட்டினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பக்கத்து டிவிஷனில் குளவி கொட்டிச் சிலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். செய்தி எடுக்கப் போனவன், திரும்பும் வழியில் அக்கா வேலை செய்த மலைக்கு ஏறினேன். பத்து மணித் தேத்தண்ணி நேரம். அவளோடு சேர்ந்த ஆறு பெண்கள் ரோட்டோரத்து மண்மேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஈரம் படாமல் இடுப்பில் கட்டிய படங்குத் துணியை யாரும் கழற்றவில்லை. நடுவில் ஒரு பெரிய கேனில் சாயத்தண்ணி. தோட்டம் மாதாமாதம் கொடுக்கும் தேயிலைத் தூளில் போட்டது. பால் இல்லை, கருப்பாக, நாக்கைப் பிடிக்கும். ரொட்டியைப் பிய்த்துப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் சம்பல், இன்னொருத்தியின் பழைய மீன் குழம்பு. அங்கே எதையும் தனியாகத் திறந்து தனியாகச் சாப்பிடும் வழக்கம் இல்லை.

அக்கா பையிலிருந்து பச்சை மூடிப் போத்தலை எடுத்தாள். மூடியைத் திறந்து, நீட்டிய கைகளில் ஒவ்வொரு மாத்திரை போட்டாள். ஆறு கை. கடைசியாகத் தனக்கு ஒன்று. ஏழு பேரும் மாத்திரையை வாயில் போட்டு, சாயத்தண்ணியைக் குடித்து விழுங்கினார்கள்.

என்னைப் பார்த்ததும் ஒரு பெண் சத்தம் போட்டாள். "வாங்க பேப்பர் தம்பி! இந்த மாத்திரையத் தின்னா கொமரியாயிருவோமாமே, நெசமா?"

பக்கத்தில் இருந்தவள் விடவில்லை. "நீ கொமரியாயி என்ன பண்ணப் போற? வீட்டுல இருக்கிறவரு கெழவராத்தானே இருக்காரு. அவருக்கும் ஒண்ணு வாங்கிட்டுப் போ."

"அவருக்கு ஒரு போத்தல் பத்தாதுடி."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அவள் உதடு வெளிறிப்போயிருந்ததைக் கவனித்தேன். வெயில் இல்லாத நாள், மூடுபனி வெளிச்சம், அதில் எல்லா முகமும் அப்படித்தான் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு போனபோது போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு அக்காவிடம் சண்டை போட்டேன். தொண்ணூறு மாத்திரை மூன்று மாதத்துக்கு உனக்கு, அதை ஏழாகப் பிரித்தால் பதின்மூன்று நாள் கூட வராது, மிச்ச நாள் எதைச் சாப்பிடுகிறாய் என்று கேட்டேன்.

"முடிஞ்சு போச்சுன்னா நீ அடுத்த போத்தல் வாங்கிட்டு வர்ற வரைக்கும் சும்மா இருப்பேன்" என்றாள்.

"அதுதானே கேக்குறேன். அவங்களுக்கு ஏன் குடுக்கிற?"

அக்கா அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். அடுத்த காம்பராவில் இருக்கும் பெண் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மலையில் அக்காவுக்குப் பக்கத்து நிரையில் பறிப்பவள் அவள்தான். முறத்தைக் கீழே வைக்காமல் அவள் பேசினாள்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. ஒங்க அக்காவுக்கு இப்ப நிறை வர்றதில்ல. மத்தியானம் தராசுக்குப் போறதுக்கு முன்ன நாங்க ஆளுக்கு ரெண்டு கை கொழுந்து அவங்க பைக்குள்ள போட்டுருவோம். இல்லாட்டி அரைப் பேருதான், அரை நாள் சம்பளந்தான் போடுவாங்க. நாலு நாள் அரைப் பேருன்னா கங்காணி கணக்கப்பிள்ளைகிட்டச் சொல்லிருவாரு. அப்புறம் புள்ளைய வரச் சொல்லுவாங்க."

"எத்தனை நாளா இது நடக்குது?"

"எத்தனை நாளுன்னு எழுதியா வைக்கிறது? நாங்க கொழுந்து குடுக்கிறோம், அவங்க மாத்திரை குடுக்கிறாங்க. எங்களுக்கும் வலிதானே தம்பி."

போத்தலைத் தட்டில் திருப்பி வைத்தேன். அடுத்த மாதத்திலிருந்து மாதம் இரண்டு போத்தல் வாங்கினேன். அதையும் பிரித்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அக்காவின் களைப்பு குறையவில்லை. வீட்டிலிருந்து தண்ணீர்ப் பீலிக்குப் போய்வர இரண்டு இடத்தில் நின்றாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த மருந்துக்காரர் வயதானவர், நிதானமானவர். அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, டவுனில் இரத்தம் சோதித்து வரச் சொன்னார். அக்காவையும் கூட்டிக்கொண்டு, முடிவு எழுதிய துண்டை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹீமோகுளோபின் ஏழு புள்ளி நான்கு என்று இருந்தது. பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டும் என்றார்.

பச்சை மூடிப் போத்தலை அவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சின்ன எழுத்தைப் படித்தார். "நல்ல மாத்திரைதான். எதோட குடிக்கிறீங்கம்மா?"

"சாயத்தண்ணியோடங்க."

அவர் என்னைப் பார்த்தார். "தேத்தண்ணியோட குடிச்சா இந்த இரும்பு ஒடம்புல சரியா ஏறாது தம்பி. இதுலயே போட்டிருக்கே, டீ, கோப்பியோட எடுக்காதீங்கன்னு. பாக்கலையா?"

அது மூன்றாவது வாக்கியம்.

அக்காதான் முதலில் சிரித்தாள். "பாருங்க ஐயா, பறிக்கிறதும் இதுதான், குடிக்கிறதும் இதுதான். அதுவே நம்மள ஏமாத்திருச்சே." மருந்துக்காரரும் சிரித்துவிட்டு, தேசிக்காய்த் தண்ணியோடு குடிக்கச் சொன்னார், தேத்தண்ணியை இரண்டு மணித்தியாலம் தள்ளி வைக்கச் சொன்னார். திரும்பி நடக்கும்போது நான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். அந்த வரி எனக்குத் தெரியும், இடம் இல்லை என்று நானே விட்டுவிட்டேன் என்றேன்.

"விடுடா. பெரிய பிளாஸ்டரா வாங்கியிருக்கணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதன் பிறகு மலையில் ஏழு பேரும் தேசிக்காய்த் தண்ணி கொண்டுபோனார்கள். பத்து மணிக்குத் தேத்தண்ணி இல்லாமல் இருப்பது முதல் வாரம் அவர்களுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. ஒருத்தி தலைவலி என்று சொல்லி விலகிக்கொண்டாள். அக்கா விடவில்லை. இரண்டு மாதம் ஒரு நாள் தவறாமல் சரியாகச் சாப்பிட்டாள். மறுபடி இரத்தம் சோதித்தோம். ஆறு புள்ளி ஒன்று. இறங்கியிருந்தது.

மருந்துக்காரர் துண்டை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இது போத்தல் வேலை இல்ல தம்பி. எங்கயோ ரத்தம் போகுது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

போனோம். டொக்டர் ஓர் இளம் பெண். சிங்களத்தில் பேசினார், மரியாதையாகப் பேசினார். அக்காவுக்குக் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குச் சிங்களம் தெரியும். ஆஸ்பத்திரிச் சிங்களம் தெரியாது. தமிழ் தெரிந்த தாதி அன்று விடுமுறையில் இருந்தார். என்னை உள்ளே வரச் சொன்னார்கள். நான் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். வயது, குழந்தைகள், எப்போதிலிருந்து களைப்பு, சாப்பாடு. எல்லாம் சுலபமாகப் போனது. பிறகு டொக்டர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

எனக்குப் புரிந்தது. ஆனால் தமிழில் சொல்ல வாய் வரவில்லை. ஆரோக்கியப் பக்கத்தில் நூறு தடவை அச்சேற்றிய சொற்கள் இருந்தன. அவற்றை அக்காவின் முகத்தைப் பார்த்து ஒரு தடவையும் சொன்னதில்லை. டொக்டர் காத்திருந்தார். நான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு, செய்தி வாசிப்பதைப் போல, "மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு ஏதும் இருக்கிறதா என்று கேட்கிறார்" என்றேன்.

அக்கா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "இருக்கு."

"எவ்வளவு காலமா?"

"போன தேருக்கு முன்னயே. நின்னு மூணு வருசமாச்சு. திரும்ப வந்துச்சு. நிக்கல."

போன தேர் என்றால் ஒரு வருடத்துக்கு மேல். அதை டொக்டரிடம் சொன்னேன். அவர் பேனையை நிறுத்தினார். பிறகு வேகமாக எழுதினார். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்தார்.

வெளியே வந்த பிறகு வாங்கில் அக்கா எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. ஓர் இடம் விட்டு உட்கார்ந்தாள். நான் கேட்டேன், யாருக்குமே சொல்லவில்லையா என்று.

"மலையில எல்லாருக்கும் தெரியும். சூடுன்னு சொன்னாங்க. எளநி குடிக்கச் சொன்னாங்க. அவங்கதான் பழைய சீலையெல்லாம் கிழிச்சுக் குடுத்தாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒன்கிட்ட எப்படிடா சொல்றது? களைப்புன்னு சொன்னேன்ல. அது பொய் இல்லையே."

நான் மனிதர்களிடம் கேள்வி கேட்டுச் சம்பாதித்தவன். மண்சரிவில் வீடிழந்தவர்களிடம் கேட்டிருக்கிறேன். பிள்ளையை இழந்த தகப்பனிடம் குறிப்புப் புத்தகத்தோடு போய் நின்றிருக்கிறேன். அக்காவிடம் ஒரு வருடம் ஞாயிறு தவறாமல் போய், எந்த மாத்திரை முடிந்தது என்று மட்டும் கேட்டிருந்தேன்.

முடிவுகள் வர மூன்று வாரம் ஆனது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். பக்கத்துக்கும் பரவியிருந்தது. போத்தல்கள் கெடுதல் செய்யவில்லை என்று டொக்டர் சொன்னார். தேத்தண்ணியும் காரணம் இல்லை. நேரம்தான் போயிருக்கிறது என்றார். கண்டியில் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். லயத்தில் அதைக் கரண்டு வைப்பது என்றார்கள். வலி குறையும், இரத்தம் நிற்கும், அதற்கு மேல் நம்ப வேண்டாம் என்று எனக்குச் சொல்லப்பட்டது. எதையும் குறைக்காமல் அக்காவிடம் சொன்னேன். அந்த ஒரு முறை ஒரு வரியும் வெட்டவில்லை.

அவள் கேட்டது ஒன்றுதான். "அவளுக்குப் பரீட்சை எப்ப?"

"இன்னும் ஏழு மாசம் இருக்கு."

"அது முடியிற வரைக்கும் அவளுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா பெட்டியத் தூக்கிட்டு வந்துருவா. வந்தா காம்பராவுல சும்மா இருப்பாளா? மறுநாளே பெரட்டுல நிப்பா. எனக்கு அவளத் தெரியும். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். தவறென்று அப்போதே தோன்றியது. ஆனால் அவள் சொன்னதும் நடக்கக்கூடியதுதான்.

அக்கா மலைக்குப் போவது நின்றது. சிகிச்சைக்குப் பிறகு என் அறைக்கு வரச் சொன்னேன். மறுத்துவிட்டாள். மாதம் ஒரு தடவை மகள் வரும்போது அம்மா காம்பராவில் இல்லாவிட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். அந்த மாதங்களில்தான் போத்தல்களுக்கு உண்மையில் ஒரு வேலை கிடைத்தது. மகள் வரும் வெள்ளிக்கிழமை அக்கா ஒன்பதையும் துடைத்துத் தட்டில் முன்வரிசையில் வைப்பாள். ஆஸ்பத்திரித் துண்டுகளும் மருந்துகளும் அரிசி டின்னுக்குள் போகும். மகள் போத்தல்களைப் பார்ப்பாள், அம்மாவைப் பார்ப்பாள்.

"ஏம்மா இவ்வளவு மெலிஞ்சிட்டீங்க?"

"ரத்தம் கொறவாம். அதுக்குத்தான் மாமா இத்தனை வாங்கிக் குடுத்திருக்காரு பாரு. தின்னு தின்னு வாயே கசக்குது."

"மாமா, டொக்டர் வேற ஒண்ணும் சொல்லலையா?"

"மாத்திரைய நிப்பாட்ட வேணாம்னாரு" என்பேன். அவள் ஞாயிறு மத்தியானம் பஸ் ஏறும் வரை நான் அக்காவுக்கு முன்னாலேயே பொய் சொல்வேன். அக்கா என்னை ஒரு முறையும் திருத்தியதில்லை.

தோட்டத்தில் பேர் பதியும் கணக்கப்பிள்ளை நான்காவது மாதம் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"அக்கா, ஒங்க பேரு புத்தகத்துல விழுந்து மாசக்கணக்காச்சு. தொரை கேட்டுக்கிட்டே இருக்காரு. நோயாளின்னு சொல்லி வச்சிருக்கேன். ஆனா எத்தனை நாளைக்குச் சொல்றது? பொண்ணு பேரையாவது போட்டு வச்சா..."

"அவ வரமாட்டாங்க ஐயா."

"சும்மா பேருக்குத்தான். லீவுல வந்து நாலு நாள் பறிச்சாக் கூட..."

"எம்பேரும் அப்படி நாலு நாளைக்குன்னுதான் போட்டாங்க." அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குரலை உயர்த்த அவளால் முடியவில்லை. "நான் சுகமாயி வருவேன். இல்லாட்டி காம்பராவ எடுத்துக்குங்க. அவ பேரு வேணாம்."

பரீட்சை ஒரு வியாழக்கிழமை முடிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் நான் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய், வாசலுக்கு வெளியே மதிலோரத்தில் நிற்கவைத்து அக்காவின் மகளிடம், என் மருமகளிடம், சொன்னேன். செய்தியை எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படியே சொன்னேன்: என்ன நோய், எப்போதிலிருந்து, எவ்வளவு காலம் இருக்கிறது. அவள் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் டிரைவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஹட்டன் வரை நின்றுகொண்டே வந்தாள்.

அக்கா இன்னும் பதினொரு நாள் இருந்தாள். மகள்தான் குளிப்பாட்டினாள், துணி மாற்றினாள், கஞ்சி ஊட்டினாள். அரிசி டின்னில் இருந்த துண்டுகளை எடுத்துத் திகதி வாரியாக அடுக்கிப் படித்தாள். அக்காவோடு மலையில் நின்ற ஆறு பெண்களும் முறை வைத்து வந்தார்கள். ஒருத்தி பழக்கத்தில் தேத்தண்ணியோடு வந்து, ஞாபகம் வந்து அதை வெளியே வைத்துவிட்டுத் தேசிக்காய்த் தண்ணி கரைத்தாள். அக்கா கண்ணைத் திறந்து, "இப்பத் தேத்தண்ணியே குடுடி" என்றாள். இரண்டு கரண்டி குடித்தாள்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ அவள் மகளிடம் கேட்டாள்: "எழுதினியா நல்லா?"

"எழுதினேன்மா."

"எல்லாக் கேள்விக்கும்?"

"எல்லாத்துக்கும்."

அதற்குப் பிறகு அக்கா படிப்பைப் பற்றிப் பேசவில்லை. பதினோராம் நாள் விடிய மூச்சு நின்றது.

கருமாதி முடிந்த அன்று, வந்தவர்கள் போன பின், மருமகள் முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினாள். வாசலில் பாய்களை உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு மாசத்துல எனக்குப் பதினோரு நாள் குடுத்தீங்க மாமா."

"அம்மா சத்தியம் வாங்கிட்டாங்கம்மா."

"அம்மா கேப்பாங்க. அவங்களுக்கு அதுதான் தெரியும். நீங்க பேப்பர்காரரு. யாரு செத்தாலும் மறுநாளே ஊருக்கே சொல்றவரு. எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு லேட்டு?"

அவளிடம் சொல்ல என்னிடம் விடை இருந்தது. தெரிந்திருந்தால் நீ இப்போது பெரட்டில் நின்றிருப்பாய் என்பதுதான் அது. அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது. அவள் நின்றிருப்பாளா இல்லையா என்பதை அவள் தீர்மானிக்க நாங்கள் விடவே இல்லை. பாயின் மறு நுனியைப் பிடித்தேன். அவள் தடுக்கவில்லை. மடித்து முடித்தோம்.

நியமனம் வர எட்டு மாதமானது. அதுவரை அவள் அந்தக் காம்பராவில்தான் இருந்தாள். லயத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். கணக்கப்பிள்ளை இரண்டு தடவை வந்துபோனதாகப் பக்கத்துக் காம்பராப் பெண் சொன்னாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. திம்புள்ளப் பக்கம் ஒரு பாடசாலை கிடைத்தது. சாமான் ஏற்ற வான் பிடித்துக்கொண்டு வரும்படி எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள். பல மாதத்துக்குப் பிறகு அவளிடமிருந்து வந்த முதல் செய்தி அது.

சாமான் அதிகம் இல்லை. பலகைத் தட்டு காலியாக இருந்தது. காம்பராவைப் பெருக்கி, பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு தோட்டத்து ஒபிசுக்கு நடந்தோம். கிளாக்கர் சாவியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, பெரிய புத்தகத்தைத் திறந்து அக்காவின் பேர் இருந்த பக்கத்தைத் தேடினார். கண்டுபிடித்ததும் பேனையின் மூடியைக் கழற்றினார்.

"இந்த வீட்டுல பேர் குடுக்க வேற யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். பழக்கத்தில் கேட்கும் கேள்வி. அவர் தலையைக் கூடத் தூக்கவில்லை.

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே கொழுந்து லொறி வந்து நின்றது. பெண்கள் பைகளோடு இறங்கினார்கள். அவள் அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கிளாக்கர் நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லீங்க" என்றாள். "யாரும் இல்ல."